தலைக்குக் கட்டம் இல்லை

விதை நலக் காப்பகத்தில் ஒரு மூட்டையை ஒப்படைப்பதென்றால் அதை ஒன்பது பேர் காதில் போட வேண்டும். பேச்சுக்குச் சொல்வதில்லை, விதியே அப்படித்தான். நன்றாகக் காய்ந்த விதை கீழே விழுந்தால் சலசலக்கும், ஈர விதை தொப்பென்று விழும் என்று எந்தக் காலத்திலோ ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அதற்குச் செவிச் சோதனை என்று பெயர். சுமைதூக்குபவர் மூட்டையைத் தன் மார்பளவு உயர்த்திச் சிமெண்டுத் தரையில் விடுவார். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருவர் கேட்டதை இன்னொருவர் நம்பக்கூடாது என்பதால் ஒன்பது அதிகாரிகளுக்கும் தனித்தனியாக விட வேண்டும். நிர்வாகப் பிரிவு அதிகாரிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கு மட்டும் இரண்டு தடவை. மூட்டை உள்ளே இருக்கும்வரை மாதாமாதமும், வெளியே போகும்போதும் இதே சோதனை.

விதி எழுதப்பட்ட நாளில் வேலையிலிருந்த சுமைதூக்குபவர் குள்ளமாம். இப்போது இருப்பவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள்.

பீன்ஸ்காரம்மா மூன்று சின்ன மூட்டைகளோடு வந்து வரிசையில் நின்றாள். மூட்டைக்குப் பதினைந்து கிலோ. வாயை அவளே நீல நூலால் தைத்திருந்தாள். கொடி பீன்ஸ் விதை. பதினோரு வருஷமாகக் காய்க்குக் காய் பார்த்து, குளிர் வருவதற்குள் முற்றுகிற கொடியாகத் தேடித் தேடிப் பொறுக்கிச் சேர்த்தது. வேறு யாரிடமும் அந்த விதை இல்லை. வீட்டிலும் ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று உத்தரவு. காப்பகத்தில் ஐந்து மாதம் இருந்து சீட்டு வாங்காத விதையில் விளைந்த காயைக் கொள்முதல் நிலையம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

"விதையை விடுதியில சேர்க்கிற மாதிரி இருக்கு," என்று கிளம்பும்போது புருஷன் சிரித்தான். "படிச்சு முடிச்சுட்டு நம்மளை மதிக்குமா?"

முதல் மூட்டை விழுந்தது. அதிகாரி கண்ணைத் திறந்து, "ஒரு பாட்டு மாதிரி இருக்கு, பேஷ்," என்றார். பத்தாவது தடவை விழுந்தபோது பீன்ஸ்காரம்மாவின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கியிருந்தன.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா விடக்கூடாதா?" என்று நெட்டையிடம் கேட்டாள்.

"மெதுவா விட்டா சத்தம் வராதும்மா. சத்தம் வரலேன்னா ஈரம்னு எழுதிடுவாங்க. ஈரம்னா மூட்டையைத் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களுக்காகத்தான் ஓங்கி விடறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை.

இரண்டாவது மூட்டையும் பத்து தடவை விழுந்து எழுந்தது. மூன்றாவதைத் தூக்கும் நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. ஒன்பது காதுகளும் ஒரே நேரத்தில் எழுந்து போயின. பிற்பகல் காதுகளுக்கு ஓய்வு என்று சொன்னார்கள். சோதிக்காத மூட்டையைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது, ஏற்றாததைக் குடோனுக்குள் விட முடியாது, வளாகத்துக்குள் வந்துவிட்ட விதையை வெளியே எடுத்துப் போகவும் முடியாது. கடைசியில் அதை நடைபாதையில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, ரசீதில் 'மூன்று, அதில் ஒன்று நிலுவை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த 'நிலுவை' அவளை மூன்று மாதம் உறுத்தியது. நாலாம் மாதத்தில் ஒரு நாள், பார்த்துவிட்டாவது வருவோம் என்று போனாள்.

குடோன் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தகரக் கூரை. ஜன்னல்களை எலிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அடுக்கில் தன் மூட்டைகளை நீல நூலை வைத்துக் கண்டுபிடித்தாள். இரண்டுதான் இருந்தன. ஒன்றின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்து மாதிரி இருந்தது.

விதை மூச்சு விடும். இது அவளுக்கு யாரும் படித்துச் சொன்னதல்ல. பதினோரு வருஷம் விதையோடு இருந்தால் தெரிந்துவிடும். குளிர்ச்சியில் வைத்தால் அது உறங்குகிற ஆள் மாதிரி நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். சூட்டில் வைத்தால் மூச்சிரைக்கும். இரைக்க இரைக்க, முளைக்கும்போது சாப்பிடுவதற்காக உள்ளே கட்டி வைத்திருக்கும் சோற்றை இப்போதே தின்று தீர்த்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று அப்படியே இருக்கும்.

"இவ்வளவு சூடா இருக்கே," என்றாள்.

குடோன்காரர் சுவரில் தொங்கிய பதிவேட்டைக் காட்டினார். நாள் தவறாமல் பதினெட்டு டிகிரி. வரிசையாகப் பதினெட்டு, பதினெட்டு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பத்தொன்பது, சிவப்பு மையில்.

"அன்னிக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துட்டாங்க," என்றார் அவர். "யாரோ பெரியய்யா ரூம் கதவைத் திறந்து போட்டுட்டாங்களாம்."

"அவர் ரூம் கதவுக்கும் குடோனுக்கும் என்னங்க?"

"தெர்மாமீட்டர் அங்கதானேம்மா இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பதிவேட்டைப் பார்த்தார். கூரைத் தகரம் வெயிலில் 'டிக்' என்று விரிந்தது.

இயக்குநர் அறைக்குள் நுழைந்ததும் உடம்பே வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி குளிர்ந்தது. குடோனுக்கென்று வாங்கிய ஏசி அந்தச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. குடோன் வரைக்கும் மின்கம்பி இழுக்கும் வரை தற்காலிகமாக இங்கே மாட்டியது என்றும், அதற்கு ஆறு வருஷம் ஆகிறது என்றும் குடோன்காரர் வழியிலேயே சொல்லியிருந்தார். தெர்மாமீட்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் படுக்க வைத்திருந்தார்கள்.

இயக்குநர் நல்ல மனிதர். எழுந்து நிற்க முயன்றார். கால் வீக்கம் விடவில்லை. "உட்காருங்கம்மா," என்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நீங்க விதையைப் பத்திக் கவலைப்படறீங்க. நியாயம்தான். ஒரு தாய் மனசு. ஆனா நான் ஒரு நிறுவனத்தை நடத்தறவன். எனக்குக் கருவியைப் பத்தின கவலை. விதை வருஷா வருஷம் வரும்மா. தெர்மாமீட்டர் ஒண்ணுதான் இருக்கு. முன்னே இதைக் குடோன்லதான் வெச்சிருந்தோம். சூடு தாங்காம நாப்பத்து மூணு, நாப்பத்து நாலுன்னு காட்ட ஆரம்பிச்சிடுச்சு. அளக்கிறது தடுமாறினா அப்புறம் அளவுக்கு என்ன மதிப்பு? அதனால நிதானமான இடத்துல கொண்டு வந்து வெச்சோம். இப்ப பாருங்க, ஆறு வருஷமா ஒரே பதினெட்டு. இந்தப் பக்கத்துல இவ்வளவு ஒழுங்கான காப்பகம் வேற எங்கேயும் கிடையாது. போன வருஷம் கேடயம் கொடுத்தாங்க."

கேடயமும் அந்தக் குளிரிலேயே இருந்தது.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தாள். இயக்குநரின் இரண்டு பாதங்களும் ஒரு மூட்டையின் மேல் இருந்தன. மூட்டையின் வாயில் நீல நூல்.

"அது..." என்றாள்.

"இதுவா? டாக்டர் காலை உயரத்துல வெச்சுக்கச் சொல்லிட்டார். பியூன் எங்கேயிருந்தோ தேடிக் கொண்டு வந்தான். தூக்க முடியாம சாக்கு விரிச்சு மெதுவா இழுத்துட்டு வந்து சேர்த்தான், பாவம். என்ன சுகமா இருக்கு தெரியுமா? கொஞ்சம் அசைஞ்சு கொடுக்குது." பெருவிரலால் மூட்டையை லேசாக அழுத்திக் காட்டினார்.

பதினோரு வருஷத்து உழைப்பு அந்தப் பாதங்களுக்கு அடியில் கிடந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் புருஷன் கொடி படர மூங்கில் நட்டுக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"காலையா வெச்சிருக்கான்?"

"ரெண்டு காலும்."

மூங்கிலை மண்ணில் அழுத்தி ஊன்றினான். "மழை விழுந்தா பத்து நாளு," என்றான். "அதுக்குள்ள விதை மண்ணுக்குப் போகலேன்னா குளிர்ல பூவெல்லாம் கொட்டிடும். இந்த விதை போச்சுன்னா மறுபடி பொறுக்க நமக்கு வயசு இல்ல."

அவளுக்கு அது தெரியும். அடுத்த மூங்கிலை எடுத்து நீட்டினாள்.

ஐந்தாம் மாதம் முடிந்து முதல் மழை விழுந்த மறுநாளே போய்விட்டாள். அன்று விதை வாங்க வந்தவர்களில் மேட்டுத்தோட்டத்துப் பெரியவரும் இருந்தார். இவள் நிலத்துக்கு அடுத்த நிலம். அவரும் பீன்ஸ்தான், வேறு ரகம். புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

விதையைக் கொடுக்கும் முன் முளைப்புப் பரிசோதனையின் முடிவைக் காட்டுவது வழக்கம். முளைப்பு அதிகாரி என்ற பெண்மணி ஈர மணல் நிரப்பிய தட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். பீன்ஸ்காரம்மா தன் எண் போட்ட தட்டின் மேல் குனிந்தாள்.

நூறு விதை போட்டிருந்தார்கள். பாதி மணலுக்குள்ளேயே ஊறி அழுகியிருந்தன. மீதி எழுந்திருந்தன. தண்டு இருந்தது, தண்டின் உச்சியில் இரண்டு பருப்பும் விரிந்திருந்தன. நடுவில் துளிர் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். தழும்பு மாதிரி ஒரு மேடு. அடுத்ததிலும் அதேதான். காய்ந்த பருப்பு ஐம்பது தடவை சிமெண்டில் விழுந்ததில், உள்ளே கடுகளவு இருந்த குருத்து ஒடிந்துபோயிருந்தது. வேர் விட்டு, தண்டு நீட்டி, தன்னால் முடிந்த மட்டும் எழுந்து நின்று, மேலே போக வழியில்லாமல் அப்படியே நின்றன.

"இதுக்குத் தலையே இல்லைங்களே," என்றாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "எழுந்து நிக்குதா?"

"நிக்குது."

"மணலுக்கு மேல மூணு சென்டிமீட்டர் இருக்கா?"

"இருக்கு. தலை இல்லை."

"படிவத்துல தலைக்குக் கட்டம் இல்லைம்மா." படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். உண்மைதான். உயரத்துக்கு ஒரு கட்டம், நிறத்துக்கு ஒரு கட்டம், தட்டின் சுத்தத்துக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. "இருபது வருஷமா ஒருத்தரும் தலையைப் பத்திக் கேட்டதில்லை. நின்னா முளைச்சது."

"இந்தப் பாதி எழுந்திருக்கவே இல்லையேங்க?"

"அதெல்லாம் உறக்கநிலை. உறங்கறதைச் செத்ததுன்னு எழுத முடியுமா? அப்புறம் என் மேல கேஸ் வராதா?" சிரித்துக்கொண்டே எழுதினார். எழுந்தவை ஐம்பத்திரண்டு, உறங்குபவை நாற்பத்தெட்டு, இறந்தவை இல்லை. ஆக நூற்றுக்கு நூறு. சிறப்புத் தரம்.

தடித்த தாளில், ஒன்பது கையெழுத்தோடு சான்றிதழ் வந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஒன்பது ஓணான்.

மேட்டுத்தோட்டத்துப் பெரியவருக்கும் சிறப்புத் தரம். வந்தவர்கள் எல்லோருக்கும் சிறப்புத் தரம். அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நம்ம பரம்பரையில யாரும் முதல் வகுப்பு வாங்கினதில்ல. விதை வாங்கிடுச்சு," என்றார்.

அவள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். குடோன்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்த மூணாவது மூட்டை," என்று மெல்லக் கேட்டாள். "அஞ்சு மாசமா ஏசியிலதானே இருக்கு? விழவும் இல்லையே?"

"விழலைம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா விதைன்னு மட்டும் கேட்டுடாதீங்க. விதைன்னா அது நிலுவை. விட்டுப்போன சோதனை அம்பது. அதை இன்னிக்கே மொத்தமா போட்டுட்டு, வெளியே போறதுக்கு இன்னொரு பத்து. நெட்டை இன்னிக்கு ரொம்ப உற்சாகமா வேற இருக்கான்."

"அப்ப என்னன்னு கேக்கிறது?"

குடோன்காரர் யோசித்தார். அந்த வளாகத்தில் யோசிப்பவர் ஒருவரைப் பார்ப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "கால் வைக்கிறதுன்னு கேளுங்க," என்றார்.

இயக்குநர் அறையில் பதினெட்டு டிகிரி அப்படியே இருந்தது. அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"ஐயா, வீட்டுக்காரருக்கும் கால் வீக்கம். நீங்க வெச்சிருக்கிற அந்த மூட்டை மாதிரி ஒண்ணு கிடைச்சா நல்லது. பழசுதானே அது?"

இயக்குநர் முகம் வாடியது. "பழசுதான். ஆனா பழகிடுச்சேம்மா. இதைக் கொடுத்துட்டா நான் எங்கே வெச்சுக்கிறது?"

"அதுக்குத்தான் புதுசு கொண்டு வந்திருக்கேன்." தன் இரண்டு மூட்டைகளில் ஒன்றை முன்னால் நகர்த்தினாள். "சிறப்புத் தரம்."

அவர் சான்றிதழ் எண்ணைப் படித்தார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயய்யோ, சிறப்புத் தரத்து மேல காலை வெக்கிறதா? ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டது. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கே."

ஏசி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஏதாவது சொன்னால் தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குப் பட்டது.

இயக்குநர் பாதத்தைச் சற்றுத் தூக்கினார். புது மூட்டையின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு முழுப் பாதத்தையும் வைத்தார். "மேல ஒரு துணி விரிச்சுக்கிட்டா தப்பில்லை," என்றார் கடைசியில். பியூனைக் கூப்பிட்டு, உபயோகமற்ற பொருள்களுக்கான சீட்டில், 'கால் வைக்கும் மூட்டை, பழையது, ஒன்று' என்று எழுதச் சொன்னார்.

மூட்டையை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வாசலில் காவலாளி சீட்டை வாங்கிப் பார்த்தான். மூட்டையை ஒரு தட்டுத் தட்டினான்.

"உள்ளே என்னம்மா சலசலங்குது?"

முதுகுக்குப் பின்னால், செவிச் சோதனை மேடையில் நெட்டை யாருடைய மூட்டையையோ தூக்கிக்கொண்டிருந்தார். விழுகிற சத்தம் வருவதற்கு முன் ஒரு நீண்ட இடைவெளி இருந்தது.

"அந்தச் சத்தம் பிடிக்கலேன்னுதான் ஐயா வேண்டாம்னுட்டார்," என்றாள்.

காவலாளி இரக்கத்தோடு கதவைத் திறந்துவிட்டான்.

பஸ்ஸில் மேட்டுத்தோட்டத்துப் பெரியவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவருடைய நாலு மூட்டைகளும் அவளுடைய மிச்ச ஒன்றும் பஸ் கூரையில் கிடந்தன. அவள் மடியில் மூன்றாவது மூட்டை. வேகத்தடை வரும்போதெல்லாம் அதைக் கையால் ஏந்தி மேலே தூக்கிக்கொண்டாள். பெரியவர் சான்றிதழை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். அவர் விதைப்பார், தலையில்லாமல் எழுந்து நிற்கும். அதைப் பார்க்கும்போது பத்து நாள் போயிருக்கும். மழை, மண், நம் ராசி என்று ஏதாவது சொல்லிக்கொள்வார். அடுத்த வருஷம் மறுபடி வரிசையில் நிற்பார். இவள் மடியில் இருப்பது பதினைந்து கிலோ. அது இவள் நிலத்துக்கே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும். ஜன்னலுக்கு வெளியே ஈர மண்ணில் ஆட்கள் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நிறுத்தங்கள் போயின.

"பெரியப்பா," என்றாள். "விதைக்கிறதுக்கு முன்னாடி பத்து விதையை ஈரத்துணியில சுத்தி வெச்சுப் பாருங்க."

"எதுக்கும்மா? அவங்கதான் பார்த்துட்டாங்களே. இதோ பாரு, நூத்துக்கு நூறு."

"தட்டைப் பார்த்தீங்களா?"

"நமக்கென்ன தெரியும். தாளைப் பார்த்தேன்."

அவள் தட்டில் கண்டதைச் சொன்னாள். நெட்டை மூட்டையைத் தூக்குகிற உயரத்தைச் சொன்னாள், குடோன் சூட்டைச் சொன்னாள், தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னாள். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை தலை நிமிர்ந்து பஸ் கூரையைப் பார்த்தார். அவர் கை மட்டும் சான்றிதழின் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

அவள் பல்லால் நீல நூலை அறுத்தாள்.

"இதுல கொஞ்சம் எடுத்துக்குங்க. ஒரு பாத்திக்கு வரும். அடுத்த வருஷத்துக்கு அதுலேர்ந்து பெருக்கிக்கலாம்."

பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "இதுக்குச் சீட்டு இருக்கா?"

"இல்ல பெரியப்பா."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சின்னது. துண்டு கொண்டு வரவில்லை. கடைசியில் சான்றிதழையே எடுத்தார். ஒன்பது கையெழுத்தும் உள்பக்கம் போகும்படி சுருட்டி, அடியை மடித்து, இறுக்கமாக ஒரு பொட்டலம் கட்டினார். நல்ல தடித்த தாள். அதை அவள் மடிக்குப் பக்கத்தில், மூட்டையின் வாயோடு வாயாகக் கொண்டுவந்து பிடித்தார்.

"கைய உள்ளே விட்டுப் போடும்மா," என்றார். "விழ வேண்டாம்."